செருப்பை வெளியே விட்டு வந்தவன்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அப்பாசாமியாகிய நான், என் மனைவி சரோஜா, எங்கள் ஒரே மகள் அபிநயா, கம்ப்யூட்டர் பார்க்க வந்த எழில். வீடு துடைக்கிற பெண்ணை வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வேங்கிக்கால் வீட்டில் அது ஹாலில் இருந்தது. அபிநயா அதை வைத்துத்தான் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். காலையில் பட்டனை அழுத்தினாள். விளக்குகூட எரியவில்லை.

"செத்துப்போச்சுப்பா இது" என்றாள்.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வச்சிருக்கானே, உனக்குத் தெரிஞ்ச பையன். அவனையே வரச்சொல்லும்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பையனின் பெயரால்தான் நாங்கள் சில மாதங்களாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பௌர்ணமி கிரிவலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்ததை என் தங்கை பார்த்துவிட்டாள். அத்தனை கூட்டத்தில் யார் கண்ணில் படப்போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். அவன் தாத்தா கீழ்பென்னாத்தூரில் எங்கள் களத்துக்கு வெளியே நின்று கூலி வாங்கியவர். அதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று அபிநயா நினைத்தாள். போன் செய்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனாள்.

பட்டனுக்குப் போகும் மெல்லிய ஒயரை உள்ளே கழற்றி விட்டவன் நான்தான். மற்ற வேலையைக் கம்ப்யூட்டர் செருகியிருந்த பிளக் பாயிண்டிலும் மீட்டர் பெட்டியிலும் செய்தேன். நிலத்து மோட்டாரோடு ஆயுசெல்லாம் பழகியவனுக்கு அது பெரிய வேலை இல்லை. என்ன செய்தேன் என்பதை உங்கள் ஆட்கள் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மகள் குளிக்கப் போன பிறகுதான் அதில் கை வைத்தேன். அவளுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பிறகு ஹாலை நானே ஈரத்துணியால் துடைத்தேன்.

எழில் வாசலில் நின்று வணக்கம் சொன்னான். காலில் ரப்பர் செருப்பு.

"கரண்ட் வேலைங்க. செருப்போட இருந்தா நல்லது."

"எங்க வீட்டுக்குள்ள யாரும் செருப்போட வந்ததில்ல தம்பி."

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"ஓனரே வந்திருக்காருப்பா. மத்த வீட்டுக்கெல்லாம் ஆளைத்தான் அனுப்புவாரு" என்று சமையலறையிலிருந்து அபிநயா சொன்னாள்.

"ஓனரு என்னங்க ஓனரு. ஸ்க்ரூ டிரைவர் புடிக்கிறவன்தான்" என்றான் அவன். சரோஜாகூடச் சிரித்தாள்.

வேலை தெரிந்த பையன். அதை மறைக்க மாட்டேன். முதலில் மேஜை விளக்கைச் செருகிப் பார்த்தான். எரிந்தது. கரண்ட் வருகிறது என்றான். பவர் கேபிளை மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால், எதற்கும் உள்ளே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தான். கழன்ற ஒயரைக் கண்டுபிடித்து மாட்டினான்.

"பெரிசா ஒண்ணும் இல்லீங்க. பட்டன் ஒயர் கழண்டிருக்கு. தானா கழலாது. எலி கிலி பூந்திருக்குமோ?"

"இருக்கும்" என்றேன்.

பெட்டியை மூடிப் பிளக்கைச் செருகினான். பைக்குள்ளிருந்து டெஸ்டரை எடுத்தான்.

"எதுக்கு அது?"

"பெட்டியோட பாடியில கரண்ட் கசியுதான்னு ஒரு தடவை பாத்துக்கறேங்க."

"ஏன் தம்பி, என் வீட்டு ஒயரிங் மேல நம்பிக்கை இல்லையா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. டெஸ்டரைப் பைக்குள் வைத்தான். என்னிடம் நல்ல பெயர் எடுக்க வந்தவன். அதற்காகச் செருப்பை விட்டான், அதற்காக டெஸ்டரையும் விட்டான். பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பையன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"நீ பட்டனை அழுத்து. சுவிட்சை நான் போடறேன்" என்றேன்.

ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பட்டனை அழுத்தினான். நான் சுவிட்சைப் போட்டேன். அவன் சத்தம் போடவில்லை. பெட்டியைப் பிடித்த கை விடவில்லை, அவ்வளவுதான்.

அப்போது அபிநயா காபியோடு வந்தாள். வீட்டில் இருக்கும் வெள்ளி டம்ளரில் கொண்டுவந்தாள். அதில் கொடு என்று நான் சொல்லவில்லை.

"தொடாதே" என்றேன். தெளிவாகச் சொன்னேன். சரோஜா அதற்குச் சாட்சி.

சுவிட்சிலிருந்து நான் விரலை எடுத்திருக்கவில்லை. அணைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அணைத்திருந்தால் அவன் பிழைத்துக்கொண்டிருப்பான். அதனால் அணைக்கவில்லை. மெயினை அணைத்தது சரோஜா. அவள் மீட்டர் பெட்டிக்கு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அவள் துக்கம் ஆறட்டும்.

என்மேல் போட்ட குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. குடும்பத்துப் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வது என் கடமை. அதைச் செய்தேன்.

அப்பாசாமி இரண்டு பேரைக் கொன்றுவிட்டான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் கொன்றது ஒருவனை. என் மகள் அவளாகத்தான் போய் அவன் கையைப் பிடித்தாள்.