வாங்க வராத துணி

— என்னடி இது, ஒரு மத்தியானத்துக்கு வந்தவ மூணு பை தூக்கிட்டு வந்திருக்கே?

— பாப்பாவோட எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டேன்க்கா. துணி, மருந்து, பால் புட்டி, ஊசி போட்ட அட்டை.

— அட்டையா? அது எதுக்கு இங்க?

— சொல்றேன். முதல்ல அவளை உள்ள அந்தத் துணிக்கூடையில படுக்க வச்சுட்டு வா. தூங்கிட்டா பாரு. வழி பூரா கத்தினவ, நீ கையில வாங்கினதும் கப்புன்னு நிறுத்திட்டா.

— பஸ் ஆட்டத்துல ஏதாவது பண்ணியிருக்கும்டி கண்ணு. மூணு மாசந்தானே ஆகுது.

— கண்டக்டர்கிட்டயே பஸ் ஆட்டம் பத்திச் சொல்றியா? ஆட்டத்துக்குக் குழந்தைங்க தூங்கத்தான் செய்யும். பக்கத்து சீட்டு அம்மா என்கிட்டயே கேட்டாங்க, "இதோட அம்மா எங்க?"ன்னு.

— கேப்பாங்க, கேப்பாங்க. நீ என்ன சொன்னே?

— "வருவாங்க"ன்னேன்.

— அடிப்பாவி. இரு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வரேன். சாப்பாட்டு நேரம், யாரும் வர மாட்டாங்க. ஓட்டல் பெட்ஷீட் நாலு பாக்கி இருக்கு. நான் பாட்டுக்கு அதைத் தேய்க்கறேன், நீ பாட்டுக்குப் பேசு.

— மேல தட்டுல அது என்னக்கா, முடிச்சு மேல முடிச்சா ஒரு மூட்டை?

— அதுவா. வாங்க வராத துணி.

— எவ்வளவு நாள் வச்சிருப்பே?

— உரியவங்க வர்ற வரைக்கும். பேச்சை மாத்தாதே. அட்டை எதுக்குக் கொண்டு வந்தே?

— பாப்பா இங்கயே இருக்கட்டும்க்கா.

— இருக்கட்டுமே. நீ டூட்டிக்குப் போற நேரத்துல நான் பாத்துக்கறேன்னு எப்பவோ சொல்லிட்டேனே.

— டூட்டி நேரத்துக்கு மட்டும் இல்ல. முழுசா. நீயும் மாமாவும் வளத்துக்கங்க. நான் வெளியூர் டிப்போவுக்கு மாத்தல் எழுதிக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை சேரணும்.

— மாத்தலா?

— அக்கா, பெட்ஷீட் கருகுது.

— ஐயோ. போச்சு, ஓட்டல்காரர் என்னை உரிச்சுத் தொங்க விடுவார். என்னடி சொன்னே நீ?

— கேட்டுச்சில்ல. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டேன். லாரியை எங்கயோ ஓரங்கட்டிட்டு அரைமணி நேரம் பேசினார். கடைசியில, "நீயும் அவளும் அழாம இருந்தா போதும்"னுட்டார். மாமாகிட்டயும் போன்ல சொன்னேன். அவர் மெதுவா, "உங்கக்கா சம்மதிக்கணுமே"ன்னார்.

— என்கிட்ட மூச்சு விடல மனுஷன். அதான் காலையிலேருந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டு அந்தச் சின்ன ரூமுக்கு வெள்ளையடிக்கறாரா.

— பன்னெண்டு வருஷமா பூட்டியே கிடந்த ரூம்.

— அதைப் பத்திப் பேசாதே.

— பேசத்தான் வந்தேன். உனக்கு மூணு தடவை பாதியிலயே போச்சு. எனக்கு முதல் தடவையே உயிரோட கைக்கு வந்துச்சு. வந்தும் ஒட்டல. இது என்ன கணக்குக்கா?

— வாயைக் கழுவுடி. பெத்தவ பேசற பேச்சா இது? காக்காய்க்கே தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்க.

— காக்காய்க்கு இருக்கு. தானாடாட்டாலும் தசை ஆடும்னு நீதானே சொல்லுவே? மூணு மாசமா பாத்துக்கிட்டே இருக்கேன், எந்தத் தசையும் ஆடல. குளிப்பாட்டறேன், துணி மாத்தறேன், மணி பாத்துப் பால் குடுக்கறேன். எதுலயும் குறை வைக்கல. ஆனா எப்படின்னு சொல்லட்டா? கூட்ட நேரத்துல ஏறுறவங்க, கம்பியைப் பிடிக்கணுமேன்னு உக்காந்திருக்கிறவங்க மடியில குழந்தையைக் குடுப்பாங்கல்ல? சில நேரம் என்கிட்டயே குடுப்பாங்க. பத்திரமாத்தான் வச்சிருப்பேன். ஆனா அவங்க எந்த ஸ்டாப்புல இறங்குவாங்கன்னு கண்ணு மட்டும் பாத்துக்கிட்டே இருக்கும். இவளையும் அப்படித்தான் வச்சிருக்கேன். யாரோ வந்து, "குடும்மா, எங்க ஸ்டாப் வந்துடுச்சு"ன்னு வாங்கிட்டுப் போயிடுவாங்கன்னே இருக்கு.

— டாக்டரம்மாகிட்ட சொன்னியா இதெல்லாம்?

— சொன்னேன். நிறையப் பேருக்கு வர்றதுதான், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. வாரா வாரம் போய்ப் பேசிட்டு வரேன். நல்லவங்கதான். ஆனா ஒண்ணு மட்டும் அவங்ககிட்டயும் சொல்லல.

— என்ன அது?

— அந்தத் துணி விஷயம்.

— எந்தத் துணி?

— என்னக்கா இப்படிக் கேக்கறே? நீதானே கொண்டு போய்க் கொண்டு வந்தே. வலிப்பு வந்து நான் கீழ வார்டுல கிடக்கேன். எட்டாம் மாசத்துலயே பொறந்தவ மூணாவது மாடியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கா. என்னை எழுந்திரிக்கவே விடல. அப்ப நர்சம்மா சொன்னாங்கல்ல? "உன் நெஞ்சுல ஒரு துண்டுத் துணி வச்சிரு, அது குழந்தைகிட்ட போகட்டும். குழந்தை மேல கிடந்தது உன்கிட்ட வரட்டும். பாக்காட்டியும் வாசனையாவது பழகட்டும்"னு.

— ம்.

— நீதான் பழைய பெட்ஷீட்டைச் சதுரம் சதுரமா கிழிச்சு, எனக்குச் சிவப்பு நூல், அவளுக்கு நீல நூல்னு அடையாளம் தச்சே. கடைத் துணிக்குப் போடற மாதிரியே.

— ஆமா. இருபத்தோரு நாள்.

— நீல நூல் துணியை மூஞ்சியில போத்திக்கிட்டே படுத்திருப்பேன். பக்கத்துக் கட்டில் பொண்ணுக்கும் அதே மாதிரி துணி வரும். மோந்ததும் ஓன்னு அழுவா. பால் சுரந்து சட்டையெல்லாம் நனைஞ்சிடும். எனக்கு ஒண்ணும் வரல. நர்சம்மா பாக்கறாங்களேன்னு நானும் அழற மாதிரி நடிச்சேன். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுக்கா, எல்லாருக்கும் வச்ச ஏதோ ஒண்ணை எனக்கு வைக்காமலே படைச்சுட்டான்னு.

— ஒண்ணுமே தோணலையா உனக்கு?

— தோணுச்சு. அதைச் சொல்லத்தான் வெக்கம். அதை மோந்தா உன் நெனப்பு வரும்.

— என் நெனப்பா?

— சின்ன வயசுல ஒரே போர்வைக்குள்ள சுருண்டு கிடப்போமே ரெண்டு பேரும். அந்த நெனப்பு. சுகமா தூக்கம் வந்துடும். பெத்த பொண்ணோட துணியை மோந்துட்டு அக்காவை நெனக்கறவ என்ன அம்மா? அதுக்கப்புறம் அவளை முகத்துக்கிட்ட கொண்டு போகவே பயம். வீட்டுக்கு வந்த நாள்லேருந்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் தூக்கறேன்.

— பைத்தியக்காரி. இத்தனை நாளா இதையா மனசுல வச்சுக்கிட்டு இருந்தே?

— துணி ஏதாவது மாறிப்போச்சோன்னுகூட ஒரு நாள் நெனச்சேன். அப்புறம் நானே சிரிச்சுக்கிட்டேன். கொண்டு வர்றது யாரு? இருபது வருஷத்துல ஒரு கைக்குட்டையைக்கூட மாத்திக் குடுக்காதவ.

— அந்த இஸ்திரிப்பெட்டி சுவிட்சை அணை.

— மறுபடியும் அழறா பாரு. போய்த் தூக்குக்கா.

— நீ தூக்கு.

— நான் தொட்டா வில்லா வளைவா. எனக்கு அவ வேணும்க்கா. வேணும்னு எவ்வளவு ஆசைன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா என் ஆசைக்கு அவ ஏன் அழணும்? உன்கிட்ட சிரிக்கிறா. உன்கிட்டயே இருக்கட்டும். போ, தூக்கு.

— ஒரு நிமிஷம் அழட்டும். கேளுடி கண்ணு. நான் வேண்டாம்னு சொல்லுவேன்னா நெனச்சே? நீ அட்டைன்னு சொன்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உள்ளங்கால்லேருந்து உச்சி வரைக்கும், "வாயை மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லுடி, வேற எதுவும் பேசாதே"ன்னு ஒரே கூச்சல். நான் சும்மா இருந்தாலே போதும், அவ எனக்குத்தான்.

— அப்ப சரின்னு சொல்லேன்.

— முடியல. மேல அந்த மூட்டையை எடு.

— இப்ப எதுக்கு அது?

— எடுடி. எடுத்து முடிச்சை அவுரு.

— இரு... இது என்ன, வெள்ளைத் துண்டு. நீல நூல் போட்டிருக்கு. இதுலயும் நீலம். இதுலயும். அக்கா, இது எப்படி இங்க? எனக்கு வந்ததையெல்லாம் நர்சம்மாகிட்ட திருப்பிக் குடுத்துட்டேனே.

— அடியில பாரு. சிவப்பும் இருக்கும்.

— இது நான் வச்சிருந்தது. மருந்துக் கறைகூட அப்படியே இருக்கு. இது பாப்பாகிட்ட போகலையா?

— போகல. முதல் நாளே போகல. உன் துணியை எடுத்துக்கிட்டு படி ஏறினேன். ரெண்டாவது மாடியில நின்னுட்டேன். வார்டுல எல்லாப் பொண்ணுங்களும் நெஞ்சுல துணி வச்சிருக்காங்களேன்னு நானும் ஒண்ணு வச்சுப் பாத்திருந்தேன், சட்டைக்குள்ள. சும்மா, ஆசைக்கு. அதுலயும் சிவப்பு நூல் தச்சிருந்தேன். ஒரே ஒரு நாள்தானேன்னு அதைக் குடுத்துட்டேன். கண்ணாடி வழியா பாத்தா, உள்ளங்கை அளவு முகத்தைத் திருப்பி அதுல புதைச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியலடி.

— அப்ப அவ பழகினது...

— என்னை. அதான் என் கைக்கு அடங்கறா. உன்னை அவளுக்குப் பிடிக்காம இல்ல. தெரியாது, அவ்வளவுதான்.

— சரி. அவகிட்ட போனதுதான் உன்னோடது. எனக்கு வந்துச்சே, தினமும் ஒண்ணு, நீல நூல் போட்டது? அதைத்தானே நான் இருபத்தோரு நாளும் மூஞ்சியில வச்சுக்கிட்டு படுத்திருந்தேன்? அப்பவும் எனக்கு உன் நெனப்புதானேக்கா வந்துச்சு.

— அவ துணியை உனக்குக் குடுக்க மனசு வரல. என் தலகாணி உறையைக் கிழிச்சு, அதுல நீல நூல் தச்சுக் கொண்டாந்தேன். நீ மோந்து பாத்ததெல்லாம் என்னை. அவளோடது இப்ப உன் கையில இருக்கே, அதுதான். ஒண்ணைக்கூட நான் துவைக்கல.