இரண்டு நாள் கணக்கு வாத்தியார்

"ஹலோ... ஹலோ, சேர்? கேக்குதா?... நான்தான், யசோதினி... ஆமா, கூட்டத்திலதான் இருக்கேன். பிளேன்டீ குடிக்க அஞ்சு நிமிசம் விட்டிருக்காங்க... இருங்க, இருங்க, கொஞ்சம் இப்படித் தள்ளி வர்றேன்... இப்ப?... இப்ப கேக்குதா?"

பிரதேச சபைக் கட்டடத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பின்வாசல் படிதான். குப்பை டிரக்டரைக் கொண்டுவந்து நிறுத்துகிற இடமும் அதுவேதான். யசோதினி மெம்பராகி ஆறு மாதம் ஆகிறது. இதுவரை அவள் பேசிய முக்கியமான பேச்செல்லாம் அந்த டிரக்டருக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசியவைதான். மறுமுனையில் இருந்தவர் செம்பாறைத் தோட்டப் பள்ளிக்கூடத்து அதிபர் சிங்கராயர்.

"ரிப்போட்டை வாசிச்சிட்டாங்க சேர்... ஆமா, ஆமா, இன்ஸ்பெக்ஷன் ரிப்போட்தான்... நாமதான் ஃபஸ்ட்! பதினோரு பள்ளிக்கூடத்தில நாமதான் ஃபஸ்ட்... கை தட்டினாங்க. என்னைய எழும்பி நிக்கச் சொன்னாங்க... ஐயோ, சந்தோசப்படாதீங்க சேர்! முழுசாக் கேளுங்க மொதல்ல."

எழும்பி நின்றபோது அவளுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், சேலையைக்கூட சரி பண்ணிக்கொண்டாள். உட்காருவதற்குள் தலைவர் அடுத்த தாளை எடுத்து வாசிக்க, முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது.

"வலயக் கல்விக் காரியாலயத்தில இருந்து கணக்கு டீச்சர் ஒராள் தர்றாங்களாம்... ஒராள்தான் சேர், ஒண்ணே ஒண்ணு. எந்தப் பள்ளிக்கூடத்துக்குன்னு எங்க கல்விக் கமிட்டிதான் எழுதிக் குடுக்கணும்... ஆமா! நாம ஒன்றரை வருசமா கேட்டு நடந்த அதே டீச்சர்தான்... நம்ம பேரை வெட்டிட்டாங்க."

அவள் படியில் இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள்.

"ஏனா?... ஏன்னு நீங்க கேக்குறீங்களா சேர்? ரிப்போட்ல என்ன போட்டிருக்கு? 'கணிதம் கற்பித்தல் மிக நன்று.' டீச்சர் கேட்டிருக்கிற மத்த ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் 'திருப்தியில்லை'. மிக நன்றா இருக்கிற இடத்துக்கு இன்னொரு டீச்சர் எதுக்குன்னு தலைவர் என்னையத்தான் கேக்குறாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

சொல்வதற்கு விசயம் இல்லாமல் இல்லை. செம்பாறையில் கணக்குக்கு ஆளே கிடையாது. சமய பாடம் எடுக்கிற டீச்சர்தான் கைட் புத்தகத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். அந்த 'மிக நன்று'க்குச் சொந்தக்காரர் பசறையில் வேறொரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற றில்வான் சேர். இன்ஸ்பெக்ஷன் நடந்த இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டு வந்து, இங்கே தற்காலிக இணைப்பில் இருக்கிற ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு பாடம் எடுத்துவிட்டுப் போனார். மாகாணத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர்மாருக்கு உள்ளூர் ஆட்களைத் தெரியாது. விசயம் யசோதினிக்கும், பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கும், பதினோராம் தரத்துப் பிள்ளைகள் பத்தொன்பது பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

"நீங்கதானே சேர், றில்வான் சேர் நம்ம ஆளுன்னு இன்ஸ்பெக்ஷன் ஃபோர்ம்ல கையெழுத்து... என்னது?"

யசோதினி நின்றுவிட்டாள்.

"ஆமா... ஆமா... நான்தான். நான்தான் சொன்னேன்... ஆட்டோவும் நான்தான் அனுப்புனேன். இல்லைன்னா சொல்றேன்?"

மார்க் குறைந்த சின்னப் பள்ளிக்கூடங்களை மூடிவிடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. அதைக் கேட்டதும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. தான் மெம்பராக இருக்கும்போது தன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டா என்று குதித்தாள். றில்வானைக் கூட்டிவர வேண்டாம் என்று அதிபர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் இவள்தான் அவர் வாயை அடைத்தாள்.

"சரி, இப்ப ஒரு வழி சொல்றேன். றில்வான் சேரோட இணைப்பு முடிஞ்சு போச்சுன்னு ஒரு கடிதம் எழுதி வாட்சப்ல போடுங்க... ஏன்?... ம்... ம்... இணைப்புக்கே கடிதம் இல்லையே... ஆமா, அதைத் தேடுனா எல்லாத்தையும்தான் தேடுவாங்க..."

"பென்சன் போயிரும்னா?... தெரியும் சேர், மூணு மாசந்தான் இருக்குன்னு தெரியும்... இல்ல, நான் அப்படிச் சொல்லல... கத்தல சேர், லொறி ஒண்ணு போகுது!"

லொறி எதுவும் போகவில்லை.

"சனிக்கிழமையா?... றில்வான் சேர் சனிக்கிழமை மட்டும் வந்து என்ன சேர் பண்றது? அவரு சும்மா வந்ததே பெரிய விசயம். ஓலெவல் பரீட்சைக்கு இன்னும் அஞ்சு மாசம். போன வருசம் பதினேழு பேரு எழுதி கணக்குல எத்தனை பாஸ்? சொல்லுங்க... ஒண்ணு. ஒண்ணு சேர்! மிச்சம் பதினாறும் இப்ப கொழும்பில கடையில நிக்குதுங்க."

மறுமுனை ஏதோ சமாதானம் சொன்னது போலும். அவள் கேட்கிற நிலையில் இல்லை.

"நிஷாலினியத் தெரியுமில்ல... ஆமா, கீழ் லயத்து வீட்டுப் புள்ள. ரெண்டாம் நாள் றில்வான் சேர் ஆட்டோவில ஏறுறாரு, ஓடியாந்து கேக்குது, நாளைக்கும் வருவீங்களா சேர்னு. அவரு என் மூஞ்சியப் பாக்குறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?... வருவாருன்னேன். ஆமா சேர், வாய் கூசாம சொன்னேன். அடுத்த நாள் அந்தப் புள்ள பதினாலு கணக்கு செஞ்சு வச்சுக்கிட்டு பள்ளிக்கூட கேட் பக்கத்திலயே நின்னுச்சாம்."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. தேர்தலில் கொடுத்த வாக்குறுதி ஒன்றுகூட அவளை இப்படிக் குத்தியதில்லை.

உள்ளே மணி அடித்தார்கள்.

"கூப்புடுறாங்க சேர். நான் உண்மையைச் சொல்லப் போறேன்... உங்க பேரு வராம சொல்ல முடியுமான்னு எப்படி எப்படியோ யோசிச்சேன். முடியல. கையெழுத்து இருக்கே... சேர்?... சேர், இருக்கீங்களா?"

தூரத்தில் சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"என்ன?... நீங்களே சொல்றீங்களா?... எல்லாருக்கும் கேக்குற மாதிரியா?... சேர், நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?... உள்ள சிக்னல் இல்லையே... சரி, இருங்க, எல்லாரையும் இங்க கூப்புடுறேன். வச்சுறாதீங்க சேர், லைன்லயே இருங்க... ஆமா, ஆமா, நான் பக்கத்திலதான் நிப்பேன். உங்களைத் தனியா விட மாட்டேன்."

ஓடினாள். கல்விக் கமிட்டி ஐந்து பேரும் தேநீர்க் கிளாசும் கையுமாகப் பின்வாசலுக்கு வந்து, டிரக்டரைக் கண்டதும் ஆளுக்கொரு கைக்குட்டையை எடுத்தார்கள். இது என்ன கூத்து என்று தலைவர் முணுமுணுத்தார். யசோதினி லவுட்ஸ்பீக்கரைப் போட்டு, போனை எல்லோருக்கும் நடுவில் நீட்டினாள்.

"சேர், எல்லாரும் வந்துட்டாங்க. சொல்லுங்க... சேர்?... ஹலோ?"

திரையைப் பார்த்தாள். கால் முடிந்திருந்தது. சிக்னல் முழுசாக இருந்தது. அவர்தான் வைத்துவிட்டார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு முப்பத்திரண்டு வருடச் சேவை, பென்சனுக்கு மூன்று மாத மிச்சம். பெருவிரல் அவருடைய நம்பர் மேல் போய் நின்றது. அழுத்தாமல் போனைக் கைப்பைக்குள் போட்டாள். ஐந்து பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கமிட்டியில் பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் தெரியாது; தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தட்டித் தடுமாறித்தான் சொன்னாள்.

"எங்க பள்ளிக்கூடத்தில கணக்கு வாத்தியார் இல்லைங்க. இன்ஸ்பெக்ஷன் அன்னைக்குப் பாடம் எடுத்தவரை நான்தான் ஆட்டோ அனுப்பிக் கூட்டிட்டு வந்தேன். நீங்க வெட்டுன பேரைத் திரும்ப எழுதணும். என்னைய என்ன செய்யணுமோ செய்ங்க... அதிபர் மூணு தடவை வேணாம்னு சொன்னாருங்க. அதையும் எழுதிக்குங்க."