வெள்ளம் வரைந்த ஓவியம்

உங்கள் நாட்காட்டி சாய்ந்து தொங்குகிறது, ஐயா. பரவாயில்லை, அதைக் கவனிக்கவும் ஒரு கண் வேண்டும்.

என் அக்காள் கணவருக்கு அந்தக் கண் கிடையாது. படங்களுக்குச் சட்டம் அடிப்பவர். அளவுநாடா கையில் இருந்தால் உலகமே புரிந்துவிடும் என்று நினைப்பு. வலது ஆள்காட்டி விரலில் பாதியை ரம்பம் வாங்கிக்கொண்ட பிறகும் அந்த நினைப்பு குறையவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

என் முறை ஊரறிந்தது. ஆறு பெருகினால் எங்கள் நிலவறைக்குள் தண்ணீர் புகும். கேன்வாஸை உள்ளே நிறுத்தி, தண்ணீரில் சாயத்தை ஊற்றி, கதவைத் தாழிட்டுவிடுவேன். வெள்ளம் வடிந்ததும் சேறும் சாயமுமாக ஓவியம் கிடைக்கும். "நான் தொடுவதே இல்லை, இயற்கைதான் வரைகிறது" என்று பேட்டிகளில் சொல்வேன். மந்தமாக வந்த இடங்களைத் தூரிகையால் கொஞ்சம் தூக்கிவிடுவதுண்டு. அது பேட்டிக்கான விஷயமில்லை.

போன கண்காட்சிக்கு முன்பு சட்டம் மாட்ட வந்த அத்தான், ஒரு படத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சேற்றில் ஒட்டியிருந்த தூரிகை மயிர் இரண்டை நகத்தால் கிள்ளி எடுத்தார்.

"ஏன் மச்சான், வெள்ளத்துக்கு முடி கொட்டுமா?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தான்."

"கண்காட்சி அன்னிக்கு நாலு பேர் முன்னாடி கேக்கறேன். எல்லாரும் சிரிக்கட்டுமே."

இருபது வருடமாக நான் சேர்த்த பெயர் அந்த ஆளுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு.

மறுவாரம் பகலிலேயே ஆறு பெருகியது. பெரிய கேன்வாஸைச் சுவரில் அறைய வேண்டும் என்று கூப்பிட்டேன். வந்தார். சொந்தக்காரர் கூப்பிட்டால் தட்டாத மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே அவர் ஆணியடித்துக்கொண்டிருந்தபோது வழக்கம்போல் சாயத்தை ஊற்றினேன், வழக்கம்போல் தாழிட்டேன். கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார். நான் மாடிக்குப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டேன். அன்று தண்ணீர் நிலவறையின் கூரையைத் தொட்டது.

கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன், ஊரே நம்பியது. ஓவியத்தையும் கொண்டாடியது. நடுவில் மேல்நோக்கி ஏறும் கீற்றுகளைப் பார்த்து "வெள்ளத்தின் விரல்கள்" என்று ஒரு விமர்சகர் உருகினார். மடையர். அக்காள் மட்டும் வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். ஆள்காட்டி விரலுக்குரிய கீற்று ஒவ்வொரு இடத்திலும் பாதியில் நின்றிருந்ததாம். அங்கிருந்து நேராக உங்கள் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறாள்.

ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் ஒரு தூரிகை மயிர்கூடக் கிடையாது. அத்தானையும் நான் கொல்லவில்லை. நான் தொடவே இல்லை, எல்லாம் தண்ணீர் செய்தது.

படத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்தா? என்னுடையதுதான். நான் வரைந்த ஓவியத்தில் வேறு யார் கையெழுத்துப் போடுவார்கள்?