கய்யூமின் மூச்சில் பழ வாசனை

முளைகட்டிய பச்சைப்பயறை நாற்பது முறை மென்றால் தித்திக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. நம்பாவிட்டால் நாளைக் காலை நீங்களே மென்று பாருங்கள்.

நாங்கள் மூவரும் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள். ராஜரத்தினமாகிய நான், பாபா சீனர் வீட்டுப் பிள்ளை கிம் செங், பண்டார் ஹிலிர் துணிக்கடைக்காரரின் மகன் அப்துல் கய்யூம். விடுமுறைக்கு ஊருக்கு வந்து, காஜா பெராங்கில் ஒரு வீடு எடுத்து, ஆகஸ்ட் முப்பத்தோராம் தேதி வரும் சுதந்திர நாளுக்குள் உடம்பைச் சுத்தமாக்குவது என்று சபதம் போட்டோம். நாடு புதிதாகப் பிறக்கும்போது நாங்கள் மட்டும் பழைய கொழுப்போடு நிற்பதா? சீனி, வெள்ளைச் சோறு, எண்ணெய் எல்லாம் தள்ளுபடி. பயறு, வல்லாரை, வெந்நீர், அவ்வளவுதான். பத்தே நாளில் தலை லேசாகி, கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். கம்போங் செட்டிக் குடியிருப்புப் பக்கமிருந்து சம்பல் வதக்கும் வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் சிரிப்போம்.

கிம் செங் தணலில் சுட்ட சாத்தே இறைச்சி தின்று கையும் களவுமாக அகப்பட்டான். "லாப்பார்லா, ராஜா," என்று மலாயில் பசியைச் சொல்லி அழுதான். பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

கய்யூம் என் உயிர்த் தோழன். நான் சொன்ன எல்லாவற்றையும் விட்டான், ஒன்றைத் தவிர. சிறு வயதிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் ஊசி. அதை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? மாட்டின் கணையம், பன்றியின் கணையம். அவன் ஐந்து வேளை தொழுகிறவன், நான் சுத்த சைவம். இருவருக்கும் பொதுவாக நானே முடிவெடுத்தேன். மருந்தை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரைப் புட்டியில் ஏற்றி வைத்தேன். மனம் சங்கடப்படுவானே என்று அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தீராத தாகம். குடம் குடமாகக் குடித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினான். அழுக்கெல்லாம் வெளியேறுகிறது என்று நான் கைதட்டினேன். மறுநாள் அவன் மூச்சில் நன்றாகப் பழுத்த பழத்தின் வாசனை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பொறாமையும்தான்; எனக்கு அந்த வாசனை வந்ததே இல்லை.

"முடியலடா ராஜா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ லா," என்றான். அங்கே என்ன செய்வார்கள்? முதல் வேலையாக அந்த மருந்தையே ஏற்றுவார்கள். பட்ட பாடெல்லாம் வீண். அறைக் கதவை வெளியே பூட்டினேன்.

முப்பத்தோராம் தேதி காலை தெருவெங்கும் 'மெர்டேக்கா' என்று சுதந்திர முழக்கம். நானும் கொடியோடு துள்ளிக்கொண்டு கிளம்பினேன். அப்போது அவன் கதவைத் தட்டினான், மெதுவாகத்தான். அந்தக் கூச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. மத்தியானம் திரும்பி வந்தபோது அவன் தட்டவில்லை.

ஆமாம் ஐயா, எல்லாம் நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அவனுடைய அத்தா, அந்தத் துணிக்கடைக்காரர், வாசலில் நிற்கிறார் என்றீர்களே, அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். இன்னும் இரண்டே நாள் பொறுத்திருந்தால் கய்யூம் பூரணமாகக் குணமாகியிருப்பான்.