சட்டைப் பையில் எறும்பு

எனக்கு எழுத வராது. அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுதுவதும் தப்புதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பொம்மிடியிலிருந்து அரூர் போகும் பேருந்தில், கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தவரிடம் அவர் மனைவி கேட்டார்.

“சட்டைப் பையில எறும்பு எப்படிங்க வந்துச்சு?”

“வெல்ல ஆலையில வேலை செய்யறவன் சட்டையில வேற என்ன வரும்?”

“வூட்டுல டீக்குச் சக்கரை வேணாங்கறீங்க. அங்க போயி வெல்லமா தின்னுறீங்களா?”

“பதம் பாக்கணும்ல. வெல்லம் சக்கரையில சேராது புள்ள.”

“பதம் பாக்க ஒரு துளி போதும். பையில கட்டி கட்டியா எதுக்கு? புண்ணு ஆறாதது இதனாலதானா?”

“ஆஸ்பத்திரியில சொல்லிப்புடாத.”

“சொல்லத்தான் கூடவே வரேன்.”

மறுநாள் அதே பேருந்தில் அந்த அம்மா மாற்றுத்துணியோடு தனியாக வந்தார். விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.