மளிகைக்கடைச் சோறும் மங்குத் தட்டுச் சந்தேகமும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, அடக்கமே அணிகலனாய் அமர்ந்திருக்கும் ரயில்வே எழுத்தர் ஐயா கார்த்திகேசு அவர்களே, பிரிக்பீல்ட்ஸ் தமிழ்த் தொழிலாளர் சங்கத்தின் பெருமைக்குரிய பெரியோர்களே, சாலாக் செலாத்தானிலிருந்து கால் கடுக்க நடந்து வந்து கடைசி வரிசையில் நிற்கும் தோழர்களே, வலப்பக்கத்துப் பாயில் அமர்ந்து, இந்த ஆம்பிளைகள் என்னதான் பேசிக் கிழிக்கப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருக்கும் மளிகைக்கடை முதலாளி பழனியப்பன் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் கரம் குவித்து, சிரம் தாழ்த்தி, என் வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

என் பெயர் சின்னையா. என்ஜின் கொட்டகையில் பிட்டர் வேலை. என் குணம் உங்களுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் என்னைச் சந்தேகச் சின்னையா என்கிறீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் நான் நடப்பதே கிடையாது. சிரியுங்கள், சிரியுங்கள். சிரித்து முடித்ததும் சிந்திக்கலாம்.

இன்றைய தீர்மானம் என்ன? பழனியப்பன் மளிகைக்கடையில் சங்கத்து உறுப்பினர் எவரும் இனி உணவு உண்ணக் கூடாது. அங்கே சமைக்கும் வீரம்மாளை நாளைக்குள் வெளியேற்ற வேண்டும். இதை எழுதியவன் யார்? அடியேன். முன்மொழிந்தவன் யார்? அதுவும் அடியேன். ஆதரித்துப் பேச ஒரு மணி நேரம் தாருங்கள் என்று தலைவரிடம் கேட்டு வாங்கியவனும் நானே. ஆகவே பேசுகிறேன். நடந்தது நடந்தபடி பேசுகிறேன்.

அந்தக் கடையை அறியாதார் உண்டா? முன்னால் அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, மிளகாய், கருவாடு. பின்னால் நாலு பலகை, ஓர் அடுப்பு. எட்டு மாதத்துக்கு முன்னால், காப்பார் தோட்டத்தில் புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து நின்ற வீரம்மாளை வைத்து, முதலாளி அங்கே பகல் சோறு போட ஆரம்பித்தார். சுடுசோறு, பருப்புக்குழம்பு, ஒரு கீரை, ஒரு துண்டு கருவாடு. கொட்டகையில் கரியைத் தின்று கொண்டிருந்த நமக்கு அது தேவாமிர்தம் இல்லையா? ஆனால் நாம் சும்மா உண்டோமா? நமக்குள் ஒரு நிபந்தனை போட்டோம். அவரவர் மங்குத் தட்டு அவரவருக்கு. நீல விளிம்பு வைத்த எனாமல் மங்கு, பாசாரில் சீனன் கடையில் இருபத்து மூன்று பேரும் ஒரே நாளில் வாங்கினோம். விளிம்பில் ஓட்டை போட்டுக் கொடுத்தவன் நான். சுவரில் இருபத்து மூன்று ஆணி அடித்தவனும் நான். காலையில் வேலைக்குப் போகிற வழியில் மங்கைத் திருப்பி, முகம் தெரிய மாட்டினால், இன்றைக்கு எனக்குச் சோறு வேண்டும் என்று பொருள். சுவரைப் பார்க்க விட்டுவிட்டுப் போனால் வேண்டாம் என்று பொருள். வாயே திறக்க வேண்டியதில்லை. வீரம்மாள் எண்ணிப் பார்த்து உலை வைப்பார்.

இப்படி உண்ட உணவில் எனக்கு என்ன சந்தேகம்? என்ன சந்தேகம் இல்லை என்று கேளுங்கள்.

முதல் சந்தேகம் பருப்பு. அரிசி பருப்பு விற்கிற மனிதன் எதற்காகச் சோறு விற்க வேண்டும்? முன்னால் விலை போகாத புழுத்த பருப்பு பின்னால் குழம்பாகிறதோ? லீவு போட்டேன். மிளகாய் வாங்குகிறவன் மாதிரி மூட்டை ஓரமாய் ஒரு மணி நேரம் நின்றேன். முந்தின நாள் என் மனைவி வாங்கிய அதே மூட்டையில் அளந்து, முறத்தில் புடைத்து, மூன்று முறை கழுவிப் போட்டார் அந்த அம்மாள். நான் திருப்தி அடைந்தேனா? அடையவில்லை. நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் கழுவுகிறார் என்று நினைத்தேன். புத்தி அப்படி.

இரண்டாவது சந்தேகம் முதலாளி. ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவர், மணி பன்னிரண்டானால் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாரே, ஏன்? தன் கடைச் சோற்றைத் தான் தொடாதவன் அதில் என்ன கண்டான்? இந்தக் கேள்வி என் தொண்டையில் மீன்முள்ளாய் மாட்டிக்கொண்டது.

மூன்றாவது சந்தேகம்தான் நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பத்து நாளைக்கு முன்புதான் என் மங்கின் அடியில் அரத்தால் இரண்டு கோடு கீறி வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. போன திங்கட்கிழமை சாப்பிட்டு முடித்து மங்கைத் திருப்பிப் பார்க்கிறேன். கோடு இல்லை. என் ஆணியில் தொங்கியது என் மங்கு இல்லை. அப்படியானால் என் மங்கில் உண்டவன் எவன்? நான் எவன் மங்கில் உண்டேன்? அன்று சாயங்காலம் குழாயடியில் நான் சொன்ன வார்த்தை இது: “அந்தப் பொம்பள மங்க மாத்தி வைக்குது. நம்பாதீங்க.”

ஒரே ஒரு பேச்சு. அது செவ்வாய்க்கிழமை என்ன ஆயிற்று? மிச்சச் சோற்றைத் திரும்பப் போடுகிறாள் என்று ஆயிற்று. அப்படிப் பேசிக்கொண்டே அங்கேயே சாப்பிட்டோம். புதன்கிழமை நம் மங்குக்காரர் அய்யாவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். உடனே என்ன ஆயிற்று? மருந்து வைத்துவிட்டாள் என்று ஆயிற்று. வியாழக்கிழமை, காப்பாரில் புருஷனும் இப்படித்தான் செத்தானாம் என்று ஆயிற்று. வெறும் வாயை மென்றவர்களுக்கு நான் கொடுத்த அவல் அது. வெள்ளிக்கிழமை நான் தீர்மானம் எழுதினேன்.

பொறுங்கள் தம்பி, மெதுவாகக் கை தட்டுங்கள். கதை இன்னும் முடியவில்லை.

தீர்மானத்துக்குச் சாட்சியம் வேண்டும் அல்லவா? இன்று ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடித்து வந்த ரயில் கார்டு ஸ்டானிஸ்லாஸைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஸ்டானிஸ்லாஸ், “வேணாம்லா சின்னையா, போன மாசம் வரைக்கும் ரெண்டாவது தடவ சோறு வாங்கித் தின்ன ஆளுதானே நீ” என்றார். நான் கேட்கவில்லை. ஆணி ஆணியாய் இருபத்து மூன்று மங்கையும் இறக்கித் தரையில் கவிழ்த்தேன். வீரம்மாள் அடுப்பு ஓரத்தில் நின்றார். பக்கத்தில் துணி மூட்டை கட்டி வைத்திருந்தது. தீர்மானம் இங்கே வருவதற்கு முன்பே முதலாளி அவரைப் போகச் சொல்லிவிட்டார்.

“ஏம்மா மங்க மாத்துன?” என்று கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “ஆணி உங்களுதுன்னு தெரியும் அண்ணே. மங்கும் அவங்கவங்களுதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே. எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு. எத்தனை பேருக்குச் சோறுன்னு எண்ணத்தான் மாட்டுறீங்கன்னு நெனச்சேன். சாம்பல் போட்டுக் கழுவி, கைக்கு வந்ததை மாட்டுவேன். எட்டு மாசமா அப்படித்தான்.”

சபையோரே, கேட்டீர்களா? எட்டு மாதமாக. ஆணி அடித்தோம், ஓட்டை போட்டோம், அதிகாரம் பண்ணினோம். எதற்காக என்று அந்த அம்மாளுக்குச் சொல்ல நம் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொல்ல வெட்கம். செய்ய வெட்கமில்லை.

சரி, அய்யாவுக்கு வந்த வயிற்றுவலி? அதையும் கேட்டேன். “புதன்கெழம இருபத்து ரெண்டு மங்குதான் திரும்பி இருந்துச்சு. அய்யாவு அண்ணன் ஆணியில உள்ளது செவுத்தப் பாத்துத்தான் தொங்குச்சு. அவரு அன்னிக்குச் சாப்புடவே வரல அண்ணே” என்றார்.

அய்யாவு, அந்தத் தூணுக்குப் பின்னால் போகாதீர்கள். புதன்கிழமை எங்கே சாப்பிட்டீர்கள்? குரலைத் தாழ்த்தினால் சபைக்குக் கேட்காது. கிள்ளானிலா? கிள்ளானில் என்ன? நண்டா? லீவு போட்டுவிட்டுக் கிள்ளானுக்கு எதற்குப் போனீர்கள்? சேவல் சண்டையா? ஏனய்யா இதை முன்பே சொல்லவில்லை? “வீட்டுல தெரிஞ்சா என்னைய உள்ள விடாது அண்ணே” என்கிறார். அவர் மனைவி வள்ளியம்மா அக்கா எழுந்து நிற்கிறார். அக்கா, உட்காருங்கள். அவரை வீட்டில் வைத்து விசாரித்துக்கொள்ளலாம். ஒரு மனிதர் தன் சேவல் சண்டையை மறைக்க, ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் காப்பாருக்கு நடக்க வேண்டும். இது நியாயமா?

அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன். அந்த மங்கை நாம் சுத்தத்துக்காகவா வைத்தோம்? சுத்தமென்றால் கழுவினால் போதாதா? சாதிக்காக வைத்தோம். பக்கத்துப் பலகையில் உட்காருகிறவன் என்ன சாதியோ, அவன் எச்சில் என் தட்டில் படக் கூடாது என்று வைத்தோம். நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறவில்லையா? ஒரே பீப்பாய்த் தண்ணீரை ஒரே தகரக் குவளையில் மொண்டு குடிக்கவில்லையா? கரை இறங்கியதும் ஒரே கொட்டகையில் அடைத்து, ஒரே மருந்துத் தண்ணீரை எல்லார் தலையிலும் ஊற்றவில்லையா? அப்போது போகாத சாதி, பத்துக் காசு மங்கில் போய்விடுமா? நாம் சந்தேகப்பட்டது குழம்பை அல்ல. பருப்பை அல்ல. வீரம்மாளைக்கூட அல்ல. நாம் சந்தேகப்பட்டது ஒருவரை ஒருவர். பழி மட்டும் அந்த அம்மாள் தலையில் விழுந்தது.

முதலாளி அவர்களே, பன்னிரண்டு மணிக்கு நீங்கள் குடை எடுக்கிற காரணமும் இந்தச் சாதிதானே? பதில் வேண்டாம். தலை குனிந்தீர்களே, போதும். அதே காரணத்துக்காக மங்கு மாட்டிய நான்தான் உங்களை ஒரு வாரம் சந்தேகித்தேன். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

இரண்டு கோடு கீறிய என் மங்கு கடைசியில் எந்த ஆணியில் கிடைத்தது தெரியுமா? தண்டவாளம் போடும் கூட்டத்துத் தம்புசாமியின் ஆணியில். எந்த மனிதர் வந்து உட்கார்ந்தால் நான் என் சோற்றை எடுத்துக்கொண்டு அடுத்த பலகைக்குப் போவேனோ, அந்த மனிதரின் ஆணியில். எட்டு மாதத்தில் எத்தனை முறை அவர் உண்டதில் நான் உண்டேன், நான் உண்டதில் அவர் உண்டார், யார் கண்டது? எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைக் கண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. அவமானம் வந்தது. கவிழ்த்த மங்குகளுக்கு நடுவில் குந்தி அழுதேன். ஸ்டானிஸ்லாஸ் சாட்சி.

தலைவர் அவர்களே, தீர்மானத்தை நான் திரும்பப் பெறுகிறேன். ஆதரித்துப் பேச வந்தவன் அதைக் கிழிக்க அனுமதி கேட்கிறேன். இதோ கிழித்துவிட்டேன். வீரம்மாள் பேரில் குழாயடியில் நான் சொன்னது பொய். அதை என் வாயால், இத்தனை பேர் நடுவில், பொய் என்று சொல்கிறேன். பழனியப்பன் அவர்கள் இந்தக் கூட்டம் கலைவதற்குள் போய் அந்தத் துணி மூட்டையை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். என்ன சொல்கிறீர்கள்? “சங்கம் சொன்னா சரி” என்கிறார். சங்கம் சொல்லுமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான். கை தட்டுகிற எல்லாரும் நாளைக்கு மங்கைத் திருப்பி மாட்டுவீர்களா என்பதும் சந்தேகம்தான். பிறவிக் குணம், ஒரு பகலில் போகாது.

ஆனால் நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்கு, தம்புசாமி அண்ணன் உட்காருகிற பலகையில், அவர் பக்கத்தில் போய் நான் உட்காருவேன். அவர் எழுந்து வேறு பலகைக்குப் போனால் போகட்டும். எட்டு மாதம் நான் செய்ததுதானே அது.

இவ்வளவு நேரம் என்னைச் சகித்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், பொறுமை காத்த பெரியோர்க்கும், அய்யாவுவை இன்னும் விட்டுவைத்திருக்கும் தாய்மார்க்கும் நன்றி கூறி, உங்கள் எல்லோரையும் வணங்கி அமர்கிறேன். வணக்கம்.