கீழ் பாதிக் காரு

இல்லீங்க, அந்தக் கீ இல்ல. நீங்க இந்தாண்ட இருக்கற எழுத்துலதான் ஓட்டணும். டபிள்யூவ அழுத்துனா போவும். அம்புக்குறி என்னுது. ஸ்கிரீன்ல மேல் பாதி நானு, கீழ் பாதி நீங்க. பச்சக் காரு உங்களுது.

தனியாப் பேசிக்கங்கன்னு அனுப்பிட்டு எங்கம்மா மாடிப்படியிலயே நிக்கறாங்க, பாருங்க. பொண்ணு பாக்க வந்த எடத்துல இவ என்ன கேம் போடறான்னு நெனைக்கறீங்களா? எனக்குச் சும்மா உக்காந்து பேச வராதுங்க. கைக்கு எதாவது வேல இருக்கணும். கேக்கறத ஓட்டிக்கிட்டே கேளுங்க.

இது எங்கண்ணன் நவநீதன் சின்ன வயசுல தருமபுரி பஸ் ஸ்டாண்டுல வாங்கியாந்த சிடி. லீவு வுட்டா ரெண்டு பேரும் இதேதான். மேல் காரு எப்பவும் அவனுக்கு. மூத்தவனாச்சே. கேம்ல ஒரு பாலம் வரும், அது வரைக்கும் நான்தான் முன்னால போவேன். பாலத்துல நேராப் போயி செவுத்துல முட்டுவேன்.

ஆங், முட்டிட்டீங்களா? பரவால்ல, ஸ்பேஸ் பார் அழுத்துங்க, வண்டி ரோட்டுக்கு வந்துரும்.

நான் முட்டறப்பல்லாம் எங்கப்பா பின்னால நின்னு சிரிப்பாரு. வூட்டுக்கு வர்றவங்களயெல்லாம் கூட்டியாந்து காட்டுவாரு. காலேஜ் சேந்தப்ப ஸ்கூட்டி கேட்டேன். கம்ப்யூட்டர்லயே செவுத்துல முட்டறவளுக்கு ரோட்டுல எதுக்கு வண்டின்னுட்டாரு. அண்ணனுக்கு மட்டும் பைக்கு வந்துச்சு. நான் இண்டூர் பஸ்ல நசுங்கிக்கிட்டே படிச்சு முடிச்சேன். அப்ப கோவம்கூட வரல, அத நெனச்சாதான் இப்ப எரியுது. நெசமாவே எனக்கு வண்டி வராதுன்னு நம்பிட்டேங்க.

மறுபடியும் முட்டிட்டீங்க. இல்லல்ல, நல்லாத்தான் ஓட்டறீங்க.

போன பொங்கலுக்கு இந்தப் பொட்டியப் பழசுக்குப் போட்டுடலாம்னாங்க. கடைசியா ஒருக்கா ஓட்டிப் பாப்போம்னு உக்காந்தேன். அண்ணன் வூட்ல இல்ல, அதனால மொத தடவயா மேல் கார எடுத்தேன். பாலத்துல அழகாத் திரும்புது. கீழ் கார எடுத்தேன், முட்டுது. மாத்தி மாத்திப் பாத்தேன். கேமே அப்படித்தாங்க. கீழ் காரு அந்தப் பாலத்துல வலது பக்கம் திரும்பவே திரும்பாது. எவன் உக்காந்தாலும் முட்டத்தான் செய்யும். வாயில இருந்த கரும்பத் துப்பிட்டு அழுதேன்.

அண்ணன்கிட்டச் சொன்னா, அப்படியான்னு கேட்டுட்டு போனப் பாக்கறான். அப்பா, இன்னுமா அதயே புடிச்சிட்டுத் தொங்கறன்னாரு. ஓசூருக்கு வேலைக்குத் திரும்புனதும் டிரைவிங் ஸ்கூல்ல போயி சேந்தேன்.

கோவிச்சுக்காதீங்க, தெரிஞ்சேதான் உங்களக் கீழ் காருல போட்டேன். முன்னால ஒருத்தர் வந்தாரு. முட்டுனதும் கீபோர்டப் போட்டு அடிச்சாரு, அனுப்பி வெச்சுட்டேன். நீங்க முட்டிட்டு உங்களயே நெனச்சுச் சிரிச்சீங்க. அதனாலதான் கேக்கறேன்.

வாசல்ல நிக்கற வெள்ளக் காரு உங்களுதுதானே? கியர் வண்டிதானே? கல்யாணத்தப் பத்தி அப்பறம் பேசிக்கலாம், மொதல்ல சாவியக் குடுங்க. லைசென்ஸ் கைக்கு வந்துருச்சு, இந்த வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது. பயமா இருந்தா பக்கத்துல உக்காந்துக்கங்க. கோயில் வரைக்கும் போயிட்டு வந்துரலாம். எங்கப்பா வாசல்லதான் சேர் போட்டு உக்காந்திருக்காரு. அவரு பாக்கணும்ங்க.